மும்பையில் உதவி செய்யக் கிளம்பும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், மாட்டுங்கா, ஆன்டாப் ஹில், செம்பூர் என்று எந்தப் பக்கம் தமிழ் நிகழ்ச்சி நடந்தாலும், முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். "நானும் ஏதாவது செய்யணும்னு இருக்கேன், ஆனா..." என்று தொடங்குவார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். நல்ல மனசோடு வருகிறவர்கள் சரியான பதில் கிடைக்காமல் ஒதுங்கிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ஆறு நாள் ஆபீஸ். ஞாயிறு ஒண்ணுதான் கையில இருக்கு. அதுல என்ன பெருசா செஞ்சிட முடியும்?

நிறைய செய்யலாம். ஆனால் ஞாயிறு காலையில்தான் ஊரே வருகிறது. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் எல்லாம் அன்றைக்கு நிரம்பி வழியும். அவர்களுக்கு ஆள் வேண்டியிருப்பது செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் வியாழக்கிழமை காலையும். வேலை முடிந்து வந்து வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், மாதத்துக்கு ஒரு முழு ஞாயிற்றைவிட அது அவர்களுக்குப் பயன்படும்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள். முலுண்டில் இருப்பவர் ஆர்வத்தில் கொலாபாவில் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டால், ஜூலை மழையில் ரயில் நின்றதும் வகுப்பும் நின்றுவிடும். பிள்ளைகள் மட்டும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு ஹிந்தியே தட்டுத்தடுமாறித்தான். மராத்தி சுத்தமா வராது. என்னை யாரு சேத்துக்குவா?

தமிழ் தெரிந்தவர்களுக்காகவே காத்திருக்கும் இடங்கள் இந்த ஊரில் உண்டு. பல வருடமாக இங்கேயே இருந்தும் தமிழ் மட்டுமே பேசும் வயதான பெண்கள் நம் பகுதிகளில் எத்தனையோ பேர். ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். "காலி பேட்" வரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது புரியாமல், வழியில் மகன் வாங்கிக் கொடுத்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனை வரிசையில் நின்றிருந்தார். முறை வந்ததும் நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு அன்றைய கூலி போனதுதான் மிச்சம். முதல் நாளே பக்கத்தில் ஒரு தமிழ் ஆள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மருத்துவமனையில் இந்த வேலையைச் செய்ய, நேராக வார்டுக்குள் போய் நிற்காதீர்கள். மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் என்று ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்து, எந்த நாள் வர முடியும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். அப்புறம், மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும்.

மாசம் ஐநூறு ரூபாதான் என்னால முடியும். இதைக் கொடுத்தா மதிப்பாங்களா?

மதிப்பார்கள். மாதாமாதம் தவறாமல் வந்தால் கூடுதலாகவே மதிப்பார்கள். தீபாவளிக்கு ஒருவர் 20,000 கொடுத்துவிட்டுப் போனால் சந்தோஷம்தான். ஆனால் ஆசிரியைக்குச் சம்பளமும் அறைக்கு வாடகையும் ஒவ்வொரு மாதமும் கொடுத்தாக வேண்டும். ஐநூறு ரூபாய் கொடுப்பவர் நாற்பது பேர் இருந்தால், அதை நம்பி ஓர் ஆளை வேலைக்கு வைக்க முடியும்.

இன்ன குழந்தைக்கு, இன்ன பொருளுக்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். மின்கட்டணத்துக்கும் ஆடிட்டருக்கும் பணம் தர யாரும் முன்வருவதில்லை. அந்தச் செலவுகளில் திணறித்தான் பல நல்ல அமைப்புகள் மூடிப்போகின்றன.

வீட்டுல பழைய துணி மூட்டை மூட்டையா இருக்கு. எங்க கொடுக்கலாம்?

துவைத்து, பொத்தான் தைத்து, உங்கள் தங்கச்சிக்குக் கூசாமல் கொடுக்கக்கூடியதாக இருந்தால் கொடுங்கள். மற்றதை வீட்டிலேயே துடைக்கிற துணியாக்கிவிடுங்கள். அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு மும்பையிலும் துணி சேகரிக்கிறது. அவர்கள் துணியைப் பிரித்து, தேவையான ஊருக்கு அனுப்புகிறார்கள். கிழிந்த பருத்திச் சேலைகூட அங்கே மாதவிடாய் அணையாடையாக மாறும்.

வெள்ளம் வந்தால் உடனே துணி மூட்டையோடு ஓடுவது நம் பழக்கம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் பாய், பாத்திரம், ஸ்டவ், மருந்து, நனைந்துபோன ரேஷன் கார்டுக்கு நகல் என்று துணிக்கு முன்னால் எத்தனையோ தேவை இருக்கும். முதலில் கேளுங்கள்.

கல்யாணத்துல சாப்பாடு நிறைய மிஞ்சிடுச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு யாருக்குக் கொடுக்கறது?

பதினோரு மணிக்குத் தேட ஆரம்பித்தால் கிடைக்காது. மண்டபம் பேசும்போதே ஓர் அமைப்பிடம் சொல்லி வையுங்கள். மும்பை போலீஸ் கமிஷனராக இருந்த டி. சிவானந்தன் ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய ரொட்டி பேங்க், பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத்தான் செய்கிறது. மிஞ்சிய உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது.

பரிமாறிய இலையிலிருந்து எடுத்தது கூடவே கூடாது. அடுப்படியில் கை படாமல் இருப்பதை மட்டும் கொடுங்கள். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேலேயே இருந்தால்தான் பத்திரம். மே மாதப் புழுக்கத்தில் சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் சீக்கிரம் ஊசிவிடும். இனிப்பு, பழம், பிரிக்காத அப்பளம், பிரிக்காத அரிசி மூட்டை இதெல்லாம் மறுநாள் கொடுத்தாலும் பிரச்சினை இல்லை. சந்தேகம் வந்தால் கொடுக்காதீர்கள். ஏழை வயிற்றுக்கும் உபாதை ஒன்றுதான், ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் அவர்களால் தாங்க முடியாது.

பையனோட பொறந்தநாளை ஒரு இல்லத்துல கொண்டாடலாம்னு இருக்கோம். போட்டோ எடுக்கலாமா?

முகம் தெரிகிற படம் எடுக்காதீர்கள், வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இல்லமும் அதே சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்டால் நல்ல இல்லத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேக் விஷயம். ஒரே வாரத்தில் மூன்று வீட்டார் வந்து கேக் வெட்டினால், அந்தப் பிள்ளைகள் யாரென்றே தெரியாதவர்களுக்கு மூன்று முறை கைதட்டிப் பாட வேண்டும். தங்கள் பிறந்த தேதியே தெரியாத பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். அந்தப் பணத்தை ஒரு மாதப் பாலுக்கோ ஒரு பிள்ளையின் கண்ணாடிக்கோ கொடுங்கள். பிறகு உங்கள் பையனை மாதம் ஒரு முறை அங்கே கேரம் விளையாடக் கூட்டிப் போங்கள்.

முனிசிபல் ஸ்கூல் பிள்ளைகளுக்கு நோட்டு, பை வாங்கித் தரலாம்னு எங்க பில்டிங்ல பேசினோம். சரிதானே?

வாங்கும் முன் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். மும்பை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, ஷூ, பை, நோட்டு உட்பட 27 பொருள்களை இலவசமாகத் தருகிறது. ஏற்கெனவே இருப்பதையே நாமும் கொண்டுபோய்க் குவிப்பதில் பயன் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் திணறும் பிள்ளைகள் உண்டு. 1995-இல் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பு, அக்கம்பக்கத்து இளைஞர்களை வைத்தே வாசிக்கச் சொல்லிக் கொடுத்துப் பெரிய அளவில் வளர்ந்தது. அதே வேலையை உங்கள் பில்டிங் மாடியில் ஐந்து பிள்ளைகளோடு நீங்களும் செய்யலாம். மராத்தி தெரிந்த அக்கா ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம், வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத நம் பிள்ளைகள் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

தாராவியிலேயே பொறந்து வளந்த பொண்ணு. ஜாதிச் சான்றிதழ் கிடைக்காம காலேஜ்ல முழு ஃபீஸ் கட்டச் சொல்றாங்க. இதுல நாம என்ன செய்ய முடியும்?

என்னைக் கேட்டால், படித்த தன்னார்வலர் ஒருவர் நம் ஊரில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். மகாராஷ்டிர அரசின் சலுகைக்கு இரண்டு நிபந்தனை. சாதி இந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரமும் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அந்தத் தேதி 1950 ஆகஸ்ட் 10. ஓபிசிக்கு 1967 அக்டோபர் 13. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு, தந்தை தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை வைத்து இங்கே ஒரு சான்றிதழ் தருவார்கள். அது மத்திய அரசு வேலைகளுக்கும் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் உதவும், மாநிலச் சலுகைக்கு உதவாது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தாராவியில் அந்தத் தேதிகளுக்கு வெகு காலம் முன்பே இருந்தவை. ஆள் இருந்தார்கள், காகிதம்தான் இல்லை. தீ விபத்து, மழை, குடிசை இடிப்பு என்று எல்லாவற்றிலும் முதலில் போவது தகரப் பெட்டிதான். அந்தக் காகிதத்தைத் தேட ஆள் வேண்டும். தாத்தா படித்த மாநகராட்சிப் பள்ளியின் லீவிங் சர்டிபிகேட், மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் நகல், மில்லிலோ ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வேலை செய்த பதிவு, பழைய வாடகை ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலைய வேண்டும். தினக்கூலிக்குப் போகும் அப்பாவால் ஆறு நாள் லீவு போட்டு அலைய முடியாது. ஓய்வு பெற்ற ஒருவரால் முடியும்.

கிடைத்தால் என்ன பலன் என்று கேட்பீர்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் ஓபிசி, எஸ்இபிசி (சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பு), பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுப் பெண்கள் அரசின் மையச் சேர்க்கை வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுத் தள்ளுபடி. ஒரு காகிதத்தால் ஒரு பெண்ணின் இன்ஜினியரிங் படிப்பே நிற்கிறது அல்லது நடக்கிறது.

கண் தெரியாத பசங்களுக்குப் பரீட்சை எழுதித் தர ஆள் கேட்கறாங்களாமே. நான் எம்.காம். போகலாமா?

எழுதித் தருபவரின் படிப்பு, தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பி.காம். மாணவருக்கு நீங்கள் போக முடியாது, ஆனால் காலேஜில் கால் வைத்திருக்கும் உங்கள் தம்பி மகளை அனுப்பலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருவார்கள். அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. நீங்கள் வீட்டில் இருந்தபடியே அவருடைய பாடங்களைப் படித்துப் போனில் பதிவு செய்து கொடுக்கலாம்.

ரத்தம் கொடுத்தா உடம்பு இளைச்சுப் போகும்னு அம்மா விட மாட்டேங்கறாங்க. உண்மையா?

இல்லை. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. எடுப்பது 350 அல்லது 450 மில்லி. அம்மாவையே கூட்டிப்போய் டாக்டரிடம் பேச வையுங்கள்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். காலேஜுக்கு லீவு விட்டு, ஊரே கிராமத்துக்குப் போய்விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மும்பையில் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும். முகாம்கள் குவியும் நாள்களில் கொடுப்பதைவிட மே மாதத்தில் நேராக ரத்த வங்கிக்குப் போங்கள். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், தினம் தேவை. எடுத்த ஐந்து நாளில் வீணாகிவிடும் என்பதால் சேர்த்து வைக்க முடியாது. கொடுக்க ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு ஓ வகை என்று சொல்லியிருந்தாலும் ரத்த வங்கியில் முழுதாகப் பரிசோதிக்கட்டும். 1952-இல் இந்த ஊரில் டாக்டர் பெண்டே கண்டறிந்த பாம்பே வகை, சாதாரணப் பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும். அந்த வகைக்காரர் கிடைப்பது அவ்வளவு அரிது.

ஒரு டிரஸ்ட் உண்மையானதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் சாரிட்டி கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும். மும்பையில் அந்த அலுவலகம் வொர்லியில் அன்னி பெசன்ட் சாலையில் இருக்கிறது. ரசீதில் பதிவு எண் இருக்கும். பொதுவாக ஈ அல்லது எஃப் என்ற எழுத்தோடு வரும், ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். மத்திய அரசின் என்ஜிஓ தர்பண் தளத்திலும் பெயரைத் தேடலாம்.

இது பாதி வேலைதான். பதிவு இருப்பதால் மட்டும் நேர்மை வந்துவிடாது. சொல்லாமல் ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். ஆடிட் செய்த கணக்கு கேளுங்கள். அங்கே வேலை செய்யும் ஆயாவிடம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஓர் அமைப்பின் மேல் நம்பிக்கை வருவது இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான். மறுபக்கம், பதிவே இல்லாமல் ஓர் அம்மா தன் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அவருக்கு ஒரு கரும்பலகையும் மின்விசிறியும் வாங்கித் தர எந்தப் பதிவு எண்ணும் தேவையில்லை.

80ஜி ரசீது கொடுத்தா முழுப் பணமும் வரியில கழிச்சுக்கலாமா?

பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். அதற்கும் உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, துணி, புத்தகம் எதற்கும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் 80ஜியே கிடையாது. பலர் இதைக் கவனிக்காமல் மார்ச் கடைசியில் ஓடி வருகிறார்கள்.

வெறும் ரசீது போதாது, அமைப்பு வருமான வரித் துறையில் கணக்குக் காட்டி எடுத்துத் தரும் 10பிஇ சான்றிதழ் வேண்டும். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, வழக்கில் 80ஜி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தேன். அதுக்கும் உண்டா?

பொதுவாக இல்லை. மதக் காரியத்துக்கான நன்கொடைக்கு 80ஜி பொருந்தாது. புகழ்பெற்ற பழைய தலம் என்று அரசு அறிவித்த கோயிலின் திருப்பணி மட்டும் விலக்கு.

தம்பி துபாய்ல இருக்கான், மக அமெரிக்கா சிட்டிசன். ரெண்டு பேரும் நம்ம சங்கத்துக்குப் பணம் அனுப்பணும்னு சொல்றாங்க.

தம்பி அனுப்பலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் விஷயம் வேறு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புதான் அவரிடம் வாங்க முடியும், அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான். பதிவு இல்லாத சங்கம் அவசரப்பட்டு வாங்கினால் பிறகு பெரிய தொல்லை.

வாட்ஸாப்ல ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வருது. கொடுக்கலாமா, விட்டுடலாமா?

பகிரும் முன் சீட்டில் இருக்கும் மருத்துவமனையைத் தரைவழி எண்ணில் கூப்பிட்டு, அந்தப் பெயரில் நோயாளி இருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் மருத்துவமனைக் கணக்கில் நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். மும்பையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவும், ஜஸ்லோக், லீலாவதி, ஹிந்துஜா, பாம்பே ஹாஸ்பிடல் உட்பட, அறக்கட்டளைகள் நடத்துபவை. அறக்கட்டளைச் சட்டமும் 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டமும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. படுக்கைகளில் 10 சதவீதம் வறியவர்களுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணம். மொத்த பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளிகளுக்கென்று தனி நிதியில் போட வேண்டும். அவசர நிலையில் வருபவரை முன்பணம் கேட்காமல் சேர்த்து, நிலைமை சீராகும் வரை பார்க்க வேண்டும். இதை அறியாமல் தாலியை அடகு வைத்த குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கும்.

கேட்டு வாங்க ரேஷன் கார்டு, தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் வேண்டும். மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கரிடம் எழுதிக் கொடுங்கள், இடமில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள், பிறகு சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் சொல்லுங்கள். மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, அதையும் பாருங்கள். ஆங்கிலமோ மராத்தியோ எழுதத் தெரிந்த ஒருவர் கூட நின்றால், நீங்கள் திரட்டித் தரும் 10,000 ரூபாயைவிடப் பல மடங்கு அந்தக் குடும்பத்துக்கு மிச்சமாகும்.

நாங்க பத்துப் பேரு சேந்து வசூல் பண்றோம். டிரஸ்ட் ஆரம்பிக்கணுமா?

அவசரப்படாதீர்கள். உங்களுக்குள் போட்டுக்கொண்டு கொடுப்பதற்கு எதுவும் தேவையில்லை. வெளியில் பொதுமக்களிடம் வசூலிப்பதாக இருந்தால் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கணபதி மண்டல்கள் விழாவுக்கு முன் அங்கே வரிசையில் நிற்பது இதற்காகத்தான்.

ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணம் சேர விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வருமான வரித் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான், நாளைக்கு ஒரு பேச்சு வந்தாலும் அடிபடுவது அவர் பெயர்தான். ஏற்கெனவே பதிவுள்ள தமிழ் அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்வது நல்லது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கும் இதே பதில். வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவெல்லாம் முடித்து, சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்த அமைப்புக்குத்தான் அது கிடைக்கும்.

வீட்டு வேலைக்கு வர்ற அக்கா மகளோட படிப்புக்கு அம்பதாயிரம் கேட்கறாங்க. கடனாக் கொடுக்கறதா, சும்மா கொடுக்கறதா?

திரும்பி வராவிட்டாலும் உங்களுக்கு வலிக்காத தொகையை மட்டும் கொடுங்கள், அதைக் கடன் என்று சொல்லாதீர்கள். மீதிக்கு மேலே சொன்ன கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் கிடைக்குமா என்று உட்கார்ந்து பாருங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டலாம், ஆனால் அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நம்பிக்கை இல்லாமல் செய்கிறீர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

கொடுத்தபின் அதைச் சம்பளத்தோடும் லீவோடும் முடிச்சுப் போடாதீர்கள். "இவ்வளவு செஞ்சும் லீவு கேட்கறியே" என்ற ஒரு வார்த்தை போதும், கொடுத்தது அத்தனையும் கெட்டுவிடும். பக்கத்து வீடுகளிலும் சொல்லாதீர்கள், அந்தப் பெண் அதே படியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

சிக்னல்ல குழந்தைகள் கையேந்துது. காசு கொடுக்கலாமா?

குழந்தையிடம் காசு கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து, ஏனென்றால் அந்தக் காசு பெரும்பாலும் குழந்தையிடம் தங்குவதில்லை. பசி என்றால் அங்கேயே சாப்பிடக் கொடுங்கள். தனியாகவோ அடிபட்டோ இருந்தால் 1098-ஐக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கான இலவச உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

நான் போற இடத்துல ஒரு குழந்தைக்குத் தப்பா ஏதோ நடக்குதுன்னு தோணுது. வெளிய சொன்னா இல்லத்தையே மூடிடுவாங்களே, மத்த பிள்ளைங்க எங்க போகும்?

இதைக் கேட்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதில் ஒன்றுதான்: சொல்ல வேண்டும். பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி குற்றம், நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. 1098-க்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். நீங்களே விசாரிக்க இறங்காதீர்கள், குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். தேதியையும் பார்த்ததையும் மட்டும் எழுதி வையுங்கள்.

இல்லத்தை மூடினால் பிள்ளைகளை வேறு இல்லத்தில் சேர்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு, அதற்கென்றே அந்தக் குழு இருக்கிறது. ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டு தாங்குவதால் மற்றக் குழந்தைகள் பத்திரமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

புனேக்கு மாற்றல் ஆயிடுச்சு, இனிமே வர முடியாது. சொல்லவே கூச்சமா இருக்கு. அப்படியே நின்னுடலாமா?

சொல்லாமல் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், பொறுப்பாளரிடம் மட்டுமல்ல, பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் நேரில் சொல்லுங்கள். யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள், எந்தப் பாட்டிக்கு எந்த நாள் ஆஸ்பத்திரி என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வருபவரைக் கூட வைத்து இரண்டு வாரம் நடத்துங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.